கூட்டு அளவீடு

நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஆறு நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன. ஆறும் வலது கால். இடது காலில் அவற்றுக்கு என்ன குறை தெரிந்ததோ, நான் கேட்கவில்லை. ஏழாவது நாய் கடிக்கவில்லை. அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

அது ஒரு காலி வீட்டு மீட்டர் குழியின் மூடிமேல் படுத்திருந்தது. குடியிருந்தவர்கள் கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாயை மட்டும் மறந்தவர்கள் மாதிரிப் போயிருந்தார்கள். மூடியைத் தூக்கும் இரும்புக் கொக்கியைக் காட்டி, "எந்திரி" என்றேன். எழுந்தது. நான் குனிந்து கண்ணாடியைத் துடைத்து எண்ணை எழுதும்வரை அதுவும் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. மூடியதும் மறுபடி அதன்மேல் படுத்துக்கொண்டது. என் வேலையை அவ்வளவு மரியாதையோடு யாரும் பார்த்ததில்லை. இரண்டு நாளைக்கு மட்டும் என்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த இரண்டு நாள் ஒன்பது வருடமாயிற்று.

இரண்டு நாளைக்கு எதற்குப் பெயர் என்று பெயர் வைக்கவில்லை. வந்த அன்று என் மனைவி வைத்த காய்ந்த ரொட்டியை முகர்ந்துவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஏன், துரை இதெல்லாம் சாப்பிட மாட்டாரோ?" என்றாள். அன்றிலிருந்து அது துரை. அவள் அதை 'அவர்' என்றுதான் சொல்வாள். என்னையும் 'அவர்' என்றுதான் சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்கவேண்டியிருக்கும்.

பிறகு துரைக்கு இருமல் வந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவ்வளவு நேரம் கேட்டால் நல்ல செய்தி இருக்காது என்பது எனக்கே தெரிந்தது.

"இதயத்துல ஒரு வால்வு சரியா மூடல சார். ரத்தம் பின்னாடி கசியுது."

வால்வு, கசிவு. ஒரு டாக்டர் பேசியது முழுக்கப் புரிந்தது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. "வாஷர் மாதிரி ஏதாவது மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாது." அவர் சிரிக்கவில்லை. "மாத்திரை குடுத்துத் தள்ளிப்போடலாம். எவ்வளவு நாள்னு நான் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் நீங்க தினமும் செய்யணும். தூங்கும்போது மூச்சை எண்ணணும். நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. ஒரு நிமிஷம் முழுசா. முப்பதுக்குள்ள இருந்தா சரி. முப்பதைத் தாண்டினா நுரையீரல்ல நீர் கோக்குதுன்னு அர்த்தம். யோசிக்காம எனக்கு போன் பண்ணுங்க." என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "எண்ணிடுவீங்கல்ல?" என்றார்.

இருபத்தெட்டு வருட சர்வீஸைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, "அவருக்கு எண்ண மட்டும்தான் டாக்டர் தெரியும்" என்றாள்.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, நேரம், அளவு, காரணம் என நான்கு பத்திகள், எங்கள் அலுவலகப் படிவம் மாதிரியே. 'காரணம்' என்ற பத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அளவு எடுக்க முடியாதபோது அதில் ஏன் என்று எழுதவேண்டும். வீடு பூட்டியிருந்தது, குழியில் தண்ணீர், நாய், இப்படி. எழுதிவிட்டுக் கடைசி மூன்று அளவுகளின் சராசரியைப் போட்டுக்கொள்ளலாம். அது தப்பில்லை, விதியிலேயே இருக்கிறது. காரணம் காலியாக இருந்தால், ஆள் நேரில் கண்ணால் பார்த்து எழுதினார் என்று அர்த்தம்.

அப்படி எழுதியதையும் யாராவது ஒத்துக்கொள்ளாமல் சண்டைக்கு வந்தால், அதற்குக் கூட்டு அளவீடு என்று ஒன்று இருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். என் சர்வீஸில் மூன்றே முறைதான் அது நடந்தது. மூன்றிலும் நான் எழுதியதே சரி. அலுவலகத்தில் என் எண்ணுக்கு மறு எண் கிடையாது என்பார்கள். நானும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அடுத்த ஒரு வருடம் நாய் படாத பாடு பட்டேன். நாயும் பட்டது, ஆனால் அது மெத்தையில் படுத்துக்கொண்டு பட்டது. மெத்தைக் கடையில் வேலை பார்க்கும் என் மைத்துனன், வாடிக்கையாளர்கள் அமுக்கிப் பார்க்க வைத்திருக்கும் மாதிரித் துண்டு ஒன்றை அதற்காகக் கொண்டுவந்து போட்டிருந்தான். "மாமா, இதுல பத்து வருஷம் முதுகுவலி வராது" என்றான். அவன் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வான்.

காலையும் மாலையும் மாத்திரை. ஒன்று சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, மற்ற இரண்டும் சாப்பாட்டோடு. முட்டை மஞ்சளுக்குள் வைத்துக் கொடுத்தால் துரை மஞ்சளைத் தின்றுவிட்டு, மாத்திரையைக் கழுவித் துடைத்த மாதிரி தரையில் வைத்துவிடுவார். நீர் இறங்குவதற்கான மாத்திரை வேலை செய்தது. அதற்குக் கால்மிதி, என் அலுவலகப் பை, மைத்துனனின் இடது செருப்பு மூன்றும் சாட்சி.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். துரைக்குத் தனியாகச் சமைப்பதாகத்தான் ஆரம்பித்தோம். இரண்டு பாத்திரம் எதற்கு என்று ஒரே பாத்திரமாயிற்று. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவனுக்குத்தான் ரோஷம் வரும் என்பார்கள். அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் ரோஷம் வரவில்லை. மைத்துனன் மட்டும் வாராவாரம் வந்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க அக்கா, இங்க என்னடான்னா தட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிடுவான்.

எண்ணுவது என் இலாகா. மாலை ஏழு மணிக்குத் துரை தூங்கியதும் மெத்தைப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். இருபத்திமூன்று, இருபத்தைந்து, இருபத்திநாலு. எண் நன்றாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். நன்றாக இல்லாவிட்டால் மறுபடி எண்ணுவேன். கல்யாணம், காட்சி எதற்கும் போகவில்லை. வேலைக்குப் போன இடத்திலும் எண்ணினேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் தூங்கியவர் பதினெட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் பிரிவு அதிகாரி பத்தொன்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி கண்ணைத் திறந்து, "என்ன பண்றீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பதினாறு."

"என்னையுமா?"

"நார்மல்தான்."

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நீங்க ஒரு நிமிஷம் முழுசா என்னைப் பார்த்தது இன்னைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா?" என்று கேட்பது அவள் வேலை. சிலர் தெரியாமலேயே தெரிகிற மாதிரி ஊகித்துச் சொல்வார்களாம். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மூன்று நாள் கடற்கரை ஊருக்குப் போய்வரவேண்டும். மூன்றுமுறை தேதி குறித்தோம், மூன்றுமுறையும் துரைக்காகத் தள்ளிப்போட்டோம். மூன்றாவது முறை அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்காவது முறை எல்லாம் கூடிவந்தது. இருவருக்கும் விடுமுறை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேருந்து. மைத்துனன் வந்து துரையோடு தங்குவதாக ஒத்துக்கொண்டான். மாத்திரை கொடுக்கவும் மூச்சு எண்ணவும் அவனுக்கு இரண்டுநாள் பயிற்சி கொடுத்தேன்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை துரையின் எண் இருபத்தேழு. சனி இருபத்தொன்பது. ஞாயிறு முப்பது. முப்பதைத் தாண்டினால்தானே? முப்பது தாண்டவில்லை, முப்பதில் நிற்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாலை துரை மெத்தையில் இல்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சுவரோரச் சந்தில் போய்ப் படுத்திருந்தது. வால் மட்டும்தான் தெரிந்தது. வாலை வைத்து மூச்சை எண்ண முடியாது. கூப்பிட்டேன், வரவில்லை. உள்ளறையில் என் மனைவி துணி மடித்து வைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் முணுமுணுத்துக் கேட்டு ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தது.

நான் நோட்டை எடுத்தேன். விதிப்படி கடைசி மூன்றின் சராசரி போட்டால் இருபத்தொன்பது வரும். நான் அதற்கு முந்தைய மூன்றை எடுத்தேன். இருபத்திநாலு வந்தது. எழுதினேன். காரணம் பத்தியில் 'வாஷிங் மெஷின்' என்று எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. எழுதினால் அவள் படிப்பாள், கேட்பாள், நான் எண்ணவேண்டிவரும். எண்ணினால் என்ன வரும் என்பது எனக்குக் கிட்டத்தட்டத் தெரிந்திருந்தது. அதுதான் பயம்.

செவ்வாய்க்கிழமை இருபத்தைந்து போட்டேன். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் வரும். இந்த நுணுக்கம் எனக்கு எப்படித் தெரியும் என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவேண்டாம். புதன் இருபத்திநாலு. வியாழன் இருபத்திநாலு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மைத்துனன் சொந்தத் தலையணையோடு வந்தான். பை வாசலில் இருந்தது. துரை மெஷினுக்குப் பின்னாலிருந்து தானாகவே வெளியே வந்து கூடத்து நடுவில் நின்றது. படுக்கவில்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு நின்றது. நாக்கின் நிறம் சரியில்லை. விலா எலும்புகள் அடித்துக்கொண்டன. நான் எண்ணினேன். அறுபத்திரண்டு.

"மாமா, நீங்க சொல்லிக்குடுத்த கணக்குல இது ரெண்டு மடங்கு" என்றான் மைத்துனன். பயிற்சி வீண்போகவில்லை.

ஆஸ்பத்திரியில் துரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டார்கள். ஊசி போட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அவர் விரல் மேலிருந்து கீழே வந்து கடைசி நான்கு வரியில் நின்றது.

"நேத்து இருபத்திநாலா?"

நான் மூச்சு விடவில்லை.

"இது ஒரு நாள்ல ஆகறது இல்ல சார். நாலஞ்சு நாளா ஏறியிருக்கணும்." நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இது எண்ணினதா, எழுதினதா?"

"எழுதினது" என்றேன். "சராசரி."

"எதுக்கு சராசரி?"

விதியிலேயே இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"திங்கட்கிழமை சொல்லியிருந்தா ஒரு மாத்திரையைக் கூட்டியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம். இப்போ ரெண்டு நாள் தாண்டட்டும், பார்க்கலாம்" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் கத்தவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஆறு நாய்க்கடியும் சேர்ந்துகூட இவ்வளவு வலிக்கவில்லை.

என் மனைவி பக்கத்து நாற்காலியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி அவள் முறை என்று காத்திருந்தேன். அவள் கைப்பையைத் திறந்து, கடையில் கண்ணாடி அளவு எழுதிக்கொடுக்கும் சின்னச் சீட்டு ஒன்றை எடுத்தாள். பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் நான்கு எண்கள் இருந்தன. முப்பத்தொன்று, முப்பத்திமூன்று, முப்பத்திநாலு, முப்பத்தாறு.

"நானும் எண்ணினேன்" என்றாள்.

"எப்படி? அதுதான் மெஷினுக்குப் பின்னாடி..."

"மெஷினை நகர்த்தினேன். சக்கரம் இருக்குல்ல."

பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் மெஷின். அதற்குச் சக்கரம் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன?

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க நோட்டைப் பார்த்தேன். இருபத்திநாலுன்னு இருந்துச்சு. காரணம் காலியா இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா எண்ணுறவரு, அவருக்குத் தப்பு வராது, நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன்." சீட்டை இரண்டாக, நான்காக மடித்தாள். "இல்ல. அப்படி நினைச்சுக்கலாம்னு இருந்தேன். எனக்குக் கடல் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவள் அழுதாள். நான் அவளுக்காகப் பொய் எழுதியதும், அவள் அந்தப் பொய்யைத் தெரிந்தே நம்பியதும், நடுவில் துரை சுவரோரம் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்ததும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மைத்துனன், "பஸ் போயிருக்கும்" என்றான். யாரும் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் துரை வீட்டுக்கு வந்தது. மாத்திரை மூன்று ஐந்தாயிற்று. "மாசக்கணக்குலதான் சார்" என்றார் டாக்டரம்மா. எத்தனை மாதம் என்று கேட்கவில்லை.

அன்று மாலை நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்றை என் மனைவியே ஸ்கேல் வைத்துப் போட்டாள். மேலே 'கையொப்பம்' என்று எழுதினாள். அன்றிலிருந்து கூட்டு அளவீடு. ஏழு மணிக்கு மெத்தைக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் அவள். சுவர்க்கடிகாரத்தில் சிவப்பு முள் பன்னிரண்டைத் தொட்டதும் இருவரும் மனதுக்குள் எண்ணவேண்டும். உதடு அசையக் கூடாது. நிமிடம் முடிந்ததும் எண்ணைச் சொல்லிக் கையெழுத்து.

இரண்டு எண்ணும் ஒருநாள்கூட ஒத்துப்போகவில்லை. எனக்கு இருபத்தாறு என்றால் அவளுக்கு இருபத்தேழு. ஆரம்பிக்கும்போது பாதி ஏறியிருக்கும் மூச்சை அவள் கணக்கில் சேர்ப்பாள், நான் சேர்க்கமாட்டேன். இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமல்ல.

"முள்ளு தொடுறப்போ நெஞ்சு ஏறிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அது யார் மூச்சு? எதிர்வீட்டுக்காரர் மூச்சா?"

"முழுசா ஏறி இறங்கினாத்தான் ஒண்ணு. டாக்டரே சொல்லியிருக்காங்க."

"டாக்டர் உங்களை நம்பியா சொன்னாங்க?"

சத்தத்தில் துரை விழித்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்க்கும். விழித்தபின் எடுத்த எண் செல்லாது. அது மறுபடி தூங்கும்வரை இருவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது.

வேலையில் என் பெயர் கெட்டது. பூட்டிய வீட்டுக்கு மூன்றுமுறை திரும்பப் போனேன். குழியில் தண்ணீர் இருந்தால் குவளையால் இறைத்துவிட்டுப் பார்த்தேன். "உங்க ஏரியா மட்டும் ஏன் நாலு நாள் லேட்டு? சராசரி போட்டு அனுப்ப வேண்டியதுதானே?" என்றார் பிரிவு அதிகாரி. "சராசரி வராது சார்" என்றேன். என்ன உளறுகிறான் என்பதுபோல் என்னைப் பார்த்தார். கடலைப் பற்றிக் கேட்டால் என் மனைவி, "அது எங்க போயிடப்போகுது" என்பாள்.

நான்கு மாதம் போனது. அந்தப் புதன்கிழமை துரை நன்றாகச் சாப்பிட்டது. மாத்திரையில் ஒன்றை வழக்கம்போலத் தரையில் வைத்துவிட்டு, என் மனைவி முறைத்ததும் அதையும் விழுங்கியது. மெத்தையை இரண்டு சுற்றுச் சுற்றி, அவள் பக்கம் தலையும் என் பக்கம் வாலுமாகப் படுத்துத் தூங்கிப்போனது. நாங்கள் உட்கார்ந்தோம். சிவப்பு முள் பன்னிரண்டைத் தொட்டது.

எண்ணினேன். ஒழுங்கான மூச்சு, அவசரமில்லாத மூச்சு. இன்றைக்கு நல்ல எண்ணாக வரப்போகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பத்து. பதினொன்று. நெஞ்சு இறங்கியது. பன்னிரண்டுக்காகக் காத்திருந்தேன். முள் பாதி வட்டம்தான் தாண்டியிருந்தது. கனவு காணும்போது சிலசமயம் ஒரு மூச்சு பிந்தும், எனக்குத் தெரியும். காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். முள் ஒன்பதைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது. இருவரும் நகரவில்லை, நிமிடம் முடியாமல் பேசக்கூடாது என்பது விதி. முள் பன்னிரண்டுக்கு வந்தது.

"எத்தனை?" என்றாள்.

"பதினொண்ணு."

"எனக்கும் பதினொண்ணுதான்."

முதல்முறையாக இரண்டு எண்ணும் ஒத்துப்போயின. அவள் குனிந்து துரையின் காதுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன பிடிப்பதென்று தெரியவில்லை. ஆறு நாய் கடித்தும் அழாதவன் அன்று சத்தம் போட்டு அழுதேன்.

வெகுநேரம் கழித்து அவள்தான் நோட்டை எடுத்து நகர்த்தினாள். தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். பதினொன்று என்று எழுதினேன். காரணம் பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"காலியா விடுங்க" என்றாள். "எண்ணித்தானே பார்த்தோம்."

காலியாக விட்டேன். அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள், அதற்குக் கீழே நான் போட்டேன்.